ஆழம் முதலில், இரை பிறகு

கலிபோர்னியாவின் குரோலி ஏரியில் டிரவுட் பிடிக்க ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் கூடுகிறார்கள். அந்த ஏரி இயற்கையானதல்ல; அதில் நீந்தும் டிரவுட்டும் அந்தப் பள்ளத்தாக்குக்குச் சொந்தமானதல்ல. சியரா நெவாடா மலைத்தொடரின் கிழக்குப் பக்கத்தில், கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 2,070 மீட்டர் உயரத்தில், ஓவன்ஸ் ஆற்றை மறித்து 1941இல் கட்டி முடித்த அணைக்குப் பின்னால் தேங்கிய நீர் அது. லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகும் கால்வாய்த் திட்டத்தின் மிகப் பெரிய நீர்த்தேக்கம் அதுதான். ஓவன்ஸ் ஆற்றின் பூர்வீக மீன்கள் நான்கே வகை. அவற்றில் டிரவுட் இல்லை. மலைக்கு அப்பால் பசிபிக் கடலோர ஆறுகளிலிருந்து ரெயின்போ டிரவுட்டும், ஐரோப்பாவிலிருந்து பிரவுன் டிரவுட்டும் மனிதர் கையால் வந்து சேர்ந்தன. இலங்கையின் நுவரெலியாவுக்கும், எச்.சி. வில்சன் என்ற ஆங்கிலேயரின் முயற்சியால் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீலகிரியின் அவலாஞ்சிக்கும் வந்தது இதே ரெயின்போ இனம்தான்.

சுமார் 7,60,000 ஆண்டுகளுக்கு முன் நடந்த மாபெரும் எரிமலை வெடிப்பில் தரை உள்வாங்கி உண்டான பள்ளத்தில் குரோலி கிடக்கிறது. அடியில் இன்னும் சூடு ஆறவில்லை. சுற்றிலும் வெந்நீர் ஊற்றுகள். அவை கரைத்துக் கொண்டுவரும் தாதுக்கள் ஏரிக்கு உரமாகின்றன. மற்ற மலை ஏரிகள் கண்ணாடிபோலத் தெளிந்து, உயிர்கள் குறைந்து கிடக்க, குரோலியில் பாசியும் நீர்ப்பூச்சிகளும் பெருகிக் கிடக்கின்றன. அதனால் டிரவுட் மளமளவென்று வளர்கிறது. இந்த அத்தியாயத்துக்கு நான் இந்த ஏரியை எடுத்துக்கொள்ள இன்னொரு காரணமும் உண்டு. ஒரே ஆண்டுக்குள் இங்கே மூன்று வெவ்வேறு இரைகள் முறைவைத்து ஆட்சி செய்கின்றன: வசந்தத்தில் மிதக்கும் மாவு, கோடையில் கண்ணுக்கு அரிதாகத் தெரியும் ஒரு கூட்டுப்புழுவின் போலி, இலையுதிர் காலத்தில் மீன்குஞ்சின் போலி. மீன் அதே மீன். மாறுவது தண்ணீர்.

தூண்டில் கடைக்குள் நுழைபவர் முதலில் பார்ப்பது நிறங்களை. மாவு இரையில் மஞ்சள், ரோஜா, மினுமினுப்புத் தூவிய பச்சை. ஸ்பூன் எனப்படும் உலோகத் தகடு இரைகளில் தங்கம், வெள்ளி, சிவப்புப் புள்ளி. எதை வாங்குவது என்ற குழப்பத்திலேயே நேரம் போய்விடும். கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி நிறத்தைப் பற்றியதே அல்ல. இந்த வாரம் மீன் எத்தனை அடி ஆழத்தில் நிற்கிறது என்பதுதான் கேள்வி. அந்த ஒரு விடை தெரிந்தால் இரை, நரம்பு, ஈயக்குண்டு, முள் எல்லாம் அதைத் தொடர்ந்து ஏறத்தாழத் தாமாகவே முடிவாகிவிடும்.

ஏன் ஆழம்? டிரவுட் தன் உடலை வெப்பமாக வைத்துக்கொள்ளத் தெரியாத பிராணி. சுற்றியுள்ள நீரின் வெப்பநிலைதான் அதன் உடலின் வெப்பநிலை. ரெயின்போவுக்கு 12 முதல் 16 டிகிரி செல்சியஸ் வரை சுகமான நீர். 20 டிகிரியைத் தாண்டினால் திணறல். 25ஐ நெருங்கினால் உயிருக்கே ஆபத்து. சூடு ஏற ஏற அதன் உடல் அதிக ஆக்சிஜன் கேட்கும். அதே நேரத்தில் நீர் தன்னிடமுள்ள ஆக்சிஜனை இழந்துகொண்டிருக்கும். கடல்மட்டத்தில் 10 டிகிரி நீர் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். 20 டிகிரியில் அது சுமார் 9 ஆகிவிடும். குரோலியின் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் இந்த அளவுகளில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கழித்துக்கொள்ள வேண்டும். தேவை கூடுகிறது, வரவு குறைகிறது. ஆகவே மீன் நகர்கிறது.

எங்கே நகர்கிறது என்பதைத் தண்ணீரின் ஒரு விசித்திர குணம் தீர்மானிக்கிறது. நீரின் அடர்த்தி 4 டிகிரியில்தான் உச்சம். குளிர்காலத்தில் பனிக்கட்டி மூடியிருந்த ஏரி, வசந்தத்தில் கட்டி உருகியதும் மேலிருந்து கீழ்வரை ஏறத்தாழ ஒரே வெப்பநிலைக்கு வரும். அப்போது அடிக்கும் காற்று ஏரி முழுவதையும் புரட்டிக் கலக்கிவிடும். ஆக்சிஜன் அடிவரை போகும். மீனுக்கு எந்த ஆழமும் ஒன்றுதான். ஆனால் கரையோர ஆழமற்ற நீர் வெயிலில் முதலில் வெதுவெதுப்பாகிறது; பூச்சிகள் அங்கேதான் முதலில் விழிக்கின்றன. அதனால் வசந்தத்தில் கரையில் நின்றபடியே டிரவுட் பிடிக்கலாம்.

கோடை வந்ததும் நிலைமை தலைகீழ். வெப்பமான இலேசான நீர் மேலே, குளிர்ந்த கனமான நீர் கீழே என அடுக்குகள் பிரிந்துவிடும். இரண்டுக்கும் நடுவே சில மீட்டர் தடிமனில் வெப்பநிலை சட்டென்று இறங்கும் ஓர் அடுக்கு இருக்கும். கீழே குளிர்ச்சிதான், ஆனால் குரோலி போன்ற செழிப்பான ஏரியில் செத்து விழும் பாசி அடியில் அழுகி ஆக்சிஜனைத் தின்றுவிடும். மேலே போனால் சூடு, கீழே போனால் மூச்சு இல்லை. நடுவில் மிஞ்சும் குறுகிய பட்டைக்குள் டிரவுட் அடைபட்டுக் கிடக்கும். அந்தப் பட்டைக்கு 2 மீட்டர் மேலே தொங்கும் இரை எவ்வளவு உயர்ந்ததானாலும் வீண். இதற்கு ஒரு விதிவிலக்கும் உண்டு: பனி உருகி ஓடிவரும் ஓடைகள் ஏரியில் கலக்கும் இடங்கள். மெக்கீ ஓடையின் குளிர்ந்த நீர் கலக்கும் மெக்கீ விரிகுடாவில் கோடை முழுக்கப் படகுகள் நெருக்கியடித்து நிற்பது அதனால்தான். நூலில் கட்டிய ஒரு வெப்பமானியை மீட்டருக்கு மீட்டர் இறக்கிப் படித்துவிட்டுத் தூண்டில் போடுபவர், கடையின் எல்லா நிறங்களையும் வாங்கிவந்தவரைவிட நிச்சயம் ஒரு படி முன்னால் நிற்கிறார்.

அடுத்து மணம். மாவு இரைகளின் டப்பாவைத் திறந்தாலே பூண்டு, பாலாடைக்கட்டி, மீன்முட்டை என்று வாசனை முகத்தில் அடிக்கும். மணம் தொலைவிலிருந்தே மீனை இழுத்துவரும் என்று பலர் நம்புகிறார்கள். டிரவுட்டின் மூக்கு நுட்பமானதுதான். கனடாவில் தோஷியாக்கி ஹாரா முதலிய ஆய்வாளர்கள் ரெயின்போவின் மூக்கில் எழும் மின்துடிப்புகளைப் பதிவுசெய்து, புரதத்தின் செங்கற்களான அமினோ அமிலங்கள் மிக மிக நீர்த்த நிலையில் இருந்தாலும் அது உணர்வதைக் காட்டினார்கள். ஆனால் மணம் மூக்குக்கு வந்து சேர வேண்டுமே. அசையாத நீரில் ஒரு மூலக்கூறு தானாகப் பரவிச் செல்லும் தூரம் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 3 மில்லிமீட்டர்கூட இல்லை. ஆற்றில் ஓட்டம் மணத்தைச் சுமந்துபோகும். ஏரியில் காற்று கிளப்பும் மெல்லிய நீரோட்டத்தைத்தான் நம்ப வேண்டும். அதுவும் அடியில் சோம்பலாகவே நகரும்.

அப்படியானால் மணமும் சுவையும் வீணா? இல்லை, அவற்றின் வேலை வேறு இடத்தில் இருக்கிறது. மீன் இரையைக் கண்ணால் கண்டு, நெருங்கி, வாய்க்குள் இழுத்துப் பார்க்கும். பிடிக்காவிட்டால் நொடிப்பொழுதில் துப்பிவிடும். சுவை சரியாக இருந்தால் கூடுதலாகச் சில நொடிகள் வாயில் வைத்திருக்கும். தூண்டில்காரருக்கு அந்தச் சில நொடிகள்தான் எல்லாம். அயோவா மாநிலத்தின் ஸ்பிரிட் லேக் ஊரிலுள்ள பெர்க்லி நிறுவனம் 1980களின் இறுதியில் பவர்பெய்ட் என்ற பெயரில் கொண்டுவந்த இரைகளின் அடிப்படை இதுவே.

ஏப்ரல் மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை குரோலியில் பருவம் திறக்கும். குஞ்சுபொரிப்பகத்திலிருந்து கொண்டுவந்து விட்ட ரெயின்போ அப்போது கரையோரங்களில் கூட்டமாகச் சுற்றும். வாழ்நாள் முழுவதும் மேலிருந்து விழும் தீவன உருண்டையைத் தின்று பழகிய மீன் அது. பூச்சியைத் தேடத் தெரியாது. உருண்டையாக, மென்மையாக, மீன்தூள் சுவையோடு இருப்பதெல்லாம் அதற்கு உணவு. அதனால்தான் மாவு இரை அந்த நாட்களில் அப்படி வேலை செய்கிறது. சில வாரங்கள் ஏரியில் பிழைத்த மீன் இயற்கை உணவுக்கு மாறத் தொடங்கிவிடும். மாவின் மவுசும் அதோடு இறங்கும்.

இந்த இரைக்குக் கட்டும் அமைப்பைக் கொஞ்சம் அருகிலிருந்து பார்ப்போம். ரீலிலிருந்து வரும், 4 பவுண்டு இழுவை தாங்கும் நரம்பில் நடுவே துளையுள்ள முட்டை வடிவ எடைக்குண்டு ஒன்றைக் கோக்கிறார்கள். 7 முதல் 14 கிராம் வரை போதும். அது நரம்பில் தடையின்றி வழுக்கி ஓட வேண்டும். அடுத்து ஒரு சிறு மணி, பிறகு சுழலி. சுழலியின் மறுமுனையில் அதைவிட மெல்லிய நரம்பு 45 முதல் 60 சென்டிமீட்டர். அதன் நுனியில் 16ஆம் எண் மும்முள், அல்லது 10ஆம் எண் ஒற்றைமுள். எண் கூடினால் முள் சிறிது. மாவைக் கிள்ளி, முள் முழுவதும் மறையும்படி சுமார் 1 சென்டிமீட்டர் குறுக்களவுக்கு உருட்டி மூடுகிறார்கள். இதற்கு மேல் ஒரு சின்ன வேலை இருக்கிறது, அவசரக்காரர்கள் விட்டுவிடுவது. வீசுமுன் அந்த உருண்டையைக் காலடி நீரில் போட்டுப் பார்க்க வேண்டும். முள்ளையும் தூக்கிக்கொண்டு மேலே எழும்பினால் சரி. மூழ்கினால் இன்னும் கொஞ்சம் மாவு வேண்டும்.

குண்டு அடியில் கிடக்கும், மாவு அதற்கு மேலே மிதந்து நிற்கும். எவ்வளவு உயரத்தில் என்பதைக் கடைசித் துண்டு நரம்பின் நீளம் தீர்மானிக்கிறது. குரோலியின் அடி முழுக்கக் களையும் சேறும். 30 சென்டிமீட்டர் நரம்பு கட்டினால் இரை களைக்குள் புதைந்துவிடும். மீன் களைக்கு மேலே கடந்துபோகும். களை வளர்ந்தால் நரம்பையும் நீட்ட வேண்டும். ஏரி மீன் ஆற்று மீனைப்போல ஓரிடத்தில் நின்று உணவு மிதந்துவரக் காத்திருப்பதில்லை. கரையோடு ஒரே ஆழத்தில் ரோந்து சுற்றும். அது வரும் வழியில், அதன் கண்மட்டத்தில் இரை நிற்க வேண்டும். கடித்த மீன் நரம்பை இழுக்கும்போது குண்டின் துளை வழியே நரம்பு ஓடும். எடையை மீன் உணராது. அதற்காகவே வழுக்கும் குண்டு.

நரம்பின் தேர்வில் நிறைய இயற்பியல் ஒளிந்திருக்கிறது. ஒரு நரம்பின் வலிமை அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. தடிமன் இரட்டித்தால் வலிமை நான்கு மடங்கு. 4 பவுண்டு நைலான் சுமார் 0.2 மில்லிமீட்டர் தடிமன். எட்டுக்கும் பத்துக்கும் போனால் பாதுகாப்பு என்று தோன்றும். ஆனால் தடித்த நரம்பில் சின்ன இரை இயல்பாக அசையாது, தூரம் வீச முடியாது, தெளிந்த நீரில் கண்ணுக்கும் படும். நீரின் ஒளிவிலகல் எண் 1.33. நைலானுக்கு அது சுமார் 1.53, ஃபுளூரோகார்பன் எனப்படும் நரம்புக்கு 1.42. நீருக்கு நெருங்க நெருங்க ஒளி குறைவாகத் திரும்பும், நரம்பு குறைவாகத் தெரியும். ஃபுளூரோகார்பன் முழுதாக மறைந்துவிடும் என்ற விளம்பரம் மிகை. குறைவாகத் தெரியும் என்பது உண்மை. அதன் அடர்த்தி நீரைப்போல ஏறக்குறைய 1.8 மடங்கு, நைலான் 1.14தான். அதாவது ஃபுளூரோகார்பன் நன்றாக மூழ்கும். கோடையில் ஆழத்துக்கு இறக்க வேண்டிய சின்னஞ்சிறு முள்ளுக்கு இது வரம். மிதக்கும் மாவுக்கோ இது பாரம். உருண்டையைச் சற்றுப் பெரிதாக்கினால்தான் எழும்பும்.

எந்த நரம்பானாலும் அறுவது பெரும்பாலும் முடிச்சில்தான். உலர்ந்த நிலையில் முடிச்சை இறுக்கினால் உராய்வின் சூட்டில் நரம்பு நைந்துவிடும். எச்சிலால் நனைத்துவிட்டு மெதுவாக இறுக்க வேண்டும். மெல்லிய நரம்பு கட்டியவருக்குக் கம்பு விறைப்பாக இருக்கக் கூடாது. மீன் உதறும் அதிர்ச்சியைக் கம்பின் வளைவுதான் வாங்கிக்கொள்ள வேண்டும். 6 அல்லது 7 அடி இலேசான கம்பு, அதற்கேற்ற சிறு ரீல். நிலையாக நிற்கும் உருளையிலிருந்து நரம்பு சுருள் சுருளாகக் கழன்று போகும் ரீலுக்கு இங்கிலாந்தில் ஆல்ஃபிரட் இல்லிங்வொர்த் 1905இல் காப்புரிமை பெற்றார். அதற்குமுன், உருளையே சுழன்றாக வேண்டிய ரீல்களால் சில கிராம் எடையைத் தொலைவுக்கு வீசுவது பெரும்பாடு.

மாவுக்கு அடுத்து மண்புழு. இயற்கையில் வளர்ந்த டிரவுட்டும் தொட்டியில் வளர்ந்ததும் ஒருபோல விரும்பும் இரை. ஏரிக்குப் புழு போடுபவர்கள் சிறு ஊசியால் புழுவின் உடலில் ஒரு குமிழ் காற்றை ஏற்றுகிறார்கள். காற்று ஏறிய முனை களைக்கு மேலே எழும்பி நின்று நெளியும். விரலில் ஊசி குத்திக்கொள்ளாமல் புழுவைத் தரையில் வைத்து ஏற்ற வேண்டும். மீந்த புழுவைக் கரையில் கொட்டக் கூடாது. அமெரிக்கக் கடைகளில் விற்கும் பெரிய மண்புழு ஐரோப்பாவிலிருந்து வந்தது. பனியுகத்தில் பனிப்பாறை மூடியிருந்த வட அமெரிக்கக் காடுகளில் மண்புழுவே இருந்ததில்லை. தூண்டில்காரர்கள் கொட்டிவிட்டுப் போன புழுக்கள் அந்தக் காடுகளின் இலைச்சருகுப் படுகையைத் தின்று தீர்த்து, அதை நம்பி முளைக்கும் செடிகளை அழித்துவருகின்றன. நம் ஊரில் மண்புழு உழவனின் நண்பன் என்று படித்து வளர்ந்தவர்களுக்கு இது நம்பக் கடினமாக இருக்கும்.

வீசி இழுக்கும் உலோக இரைகள் வேறு புலன்களைக் குறிவைக்கின்றன. ஸ்பூன் என்பது வளைந்த தகடு. ஆடி ஆடி வரும், ஒளியைச் சிதறடிக்கும். ஸ்பின்னரில் ஒரு கம்பியைச் சுற்றித் தகடு சுழலும். பிரெஞ்சுப் பொறியாளர் ஆந்த்ரே மெல்நார் 1938இல் தொடங்கிய மெப்ஸ் இந்த வகையில் இன்றும் புகழ்பெற்ற பெயர். மீனின் உடலின் இரு பக்கமும் ஓடும் பக்கக்கோட்டு உறுப்பு, நொடிக்கு 200 அதிர்வுகளுக்கு உட்பட்ட மெல்லிய நீரசைவுகளை உணரும். சுழலும் தகடு உண்டாக்கும் அதிர்வு இந்த எல்லைக்குள் வருகிறது. ஆனால் இந்த உறுப்பின் எட்டும் தூரம் மீனின் உடல்நீளத்தைப்போல ஓரிரு மடங்குதான். தொலைவிலிருந்து மீனை இழுப்பது பளபளப்பு. நெருங்கிய மீனைக் கடிக்கத் தூண்டுவது அதிர்வு. கலங்கிய நீரில் ஸ்பின்னர், தெளிந்த நீரில் ஸ்பூன் என்று பழையவர்கள் சொல்வதில் அறிவியல் இருக்கிறது.

ஸ்பூனில் ஆழத்தை அளப்பது எளிது. வீசியதும் நரம்பைத் தளரவிட்டு எண்ண வேண்டும். சிறு ஸ்பூன் நொடிக்கு ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் இறங்கும். பத்து எண்ணி இழுக்கத் தொடங்கினால் 3 மீட்டர். கடி இல்லையென்றால் அடுத்த வீச்சில் பதினைந்து, பிறகு இருபது. கடி கிடைத்த எண்ணை விடக் கூடாது. படகில் போகிறவர்கள் இதே வேலைக்கு நடுவே ஈயக்கம்பி ஓடும் நூலை இழுத்துச் செல்கிறார்கள். 10 கெஜத்துக்கு ஒரு நிறம் மாறும், மெதுவான படகில் ஒரு நிறத்துக்குச் சுமார் 1.5 மீட்டர் ஆழம் கிடைக்கும்.

நிறத்துக்கு இப்போது வரலாம். நீர் முதலில் உறிஞ்சுவது சிவப்பொளியை. சில மீட்டர் ஆழத்துக்குள் சிவப்பு அடங்கிவிடும். பாசி மிகுந்த நீரில் நீலமும் ஊதாவும்கூட உறிஞ்சப்பட்டுப் பச்சை மட்டும் மிஞ்சும். கடையில் கண்ணைப் பறித்த சிவப்பு ஸ்பூன் குரோலியில் 6 மீட்டர் ஆழத்தில் கறுப்பு ஸ்பூன்தான். ஆழத்தில் மீன் காண்பது பின்னணிக்கு எதிரே தெரியும் இருட்டான அல்லது வெளிச்சமான ஓர் உருவத்தை. அதனால் நிறத்தைவிட அளவும் வடிவமும் முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. மேற்பரப்பை ஒட்டி மேயும் மீனுக்கு மட்டும் நிறம் உண்மையிலேயே பொருட்டு. டிரவுட்டுக்கு நிறப்பார்வை நன்றாகவே உண்டு. குஞ்சுப் பருவத்தில் புறஊதா ஒளியைக் காணும் கூம்புச் செல்களும் கண்ணில் இருக்கின்றன, மிதவை உயிரிகளை வேட்டையாட அவை உதவுகின்றன.

ஜூன் மாதத்துக்குப் பிறகு குரோலியில் மாவும் ஸ்பூனும் ஓரங்கட்டப்பட்டு, அரை அங்குலம்கூட இல்லாத ஒரு பூச்சி எல்லாவற்றையும் ஆளத் தொடங்குகிறது. கொசுவைப் போலிருக்கும், கடிக்காது, கைரோனமிட் குடும்பம். அதன் புழு அடிச்சேற்றில் குழாய்கட்டி வாழும். ஆக்சிஜன் அருகிய அந்தச் சேற்றில் பிழைக்க, நம் ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினையே அதுவும் வைத்திருக்கிறது; அதனால் உடம்பு சிவப்பு. வளர்ந்ததும் கூட்டுப்புழுவாகி, தோலுக்கடியில் வாயு சேர்ந்து வெள்ளியாக மினுங்க, நீருக்குள் மெல்ல மெல்ல மேலே எழும். மேற்பரப்பில் தோல் பிளந்து சிறகோடு பறந்துவிடும். அந்தப் பயணம் அவ்வளவு மெதுவானது என்பதால் டிரவுட் துரத்தத் தேவையே இல்லை. வாயைத் திறந்தபடி அந்த ஆழத்தில் நிதானமாக நீந்தினால் போதும்.

பிடித்த மீனின் வயிற்றைப் பார்ப்பது இங்கே ஒரு கட்டாயப் பாடம். இங்கிலாந்தின் ஜி.இ.எம். ஸ்க்யூஸ், எலும்பு மஜ்ஜை தோண்டும் ஒடுங்கிய கரண்டியால் கொன்ற மீனின் வயிற்றிலிருந்ததை எடுத்து, வெள்ளைப் பீங்கானில் நீரோடு கலக்கிப் பார்க்கும் வழக்கத்தைப் பரப்பினார். குரோலியின் ஜூலை மீன் ஒன்றில் அப்படிச் செய்தால் பீங்கானில் விரிவது கறுப்பும் பழுப்புமாகக் கூட்டுப்புழுக்கள். ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டருக்கு உட்பட்டது; தலைப்பக்கம் தடித்து, வால் மெலிந்து, உடலைச் சுற்றி வரிகள், செவுள் இருக்குமிடத்தில் வெண்ணிறக் குஞ்சம். சில இன்னும் நெளியும். இவற்றைப் பார்த்துவிட்டு யாரும் பெரிய ஸ்பூனை எடுக்கமாட்டார்கள். 14 முதல் 18 வரை எண்ணுள்ள முள்ளில் கறுப்பு நூல், வரிக்கு மெல்லிய வெள்ளிக்கம்பி, தலைக்கு ஒரு மணி, செவுளுக்கு வெள்ளை இழை. இதுதான் தேவையான ஃபிளை, அதாவது முள்ளில் நூல் சுற்றிச் செய்த பூச்சிப் போலி.

இந்தப் போலியை எந்த ஆழத்தில் தொங்கவிடுவது? புழுக்கள் சேற்றை விட்டுக் கிளம்பும் தொடக்கத்திலேயே மீன் அவற்றை மடக்குவதால், அடியிலிருந்து 30 சென்டிமீட்டர் மேலே. அதை அளக்க அங்குள்ளவர்கள் கையாளும் வழி அழகானது. படகை நங்கூரமிட்டதும், முள் எடுக்கும் இடுக்கியை ஃபிளையில் கவ்வி நேர்கீழே இறக்குகிறார்கள். இடுக்கி சேற்றில் தட்டியதும், நரம்பிலுள்ள தக்கையை நீர்மட்டத்துக்கு 30 சென்டிமீட்டர் கீழே வரும்படி நகர்த்திப் பூட்டுகிறார்கள். இழுத்து, இடுக்கியைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டால், தக்கை மேலே மிதக்கும், ஃபிளை அடியிலிருந்து சரியாக 30 சென்டிமீட்டரில் தொங்கும். காற்று படகை நகர்த்தினால் மறுபடி அளவெடுக்க வேண்டும்; ஒரு மீட்டர் தவறினாலும் பக்கத்துப் படகில் மீன் ஏறிக்கொண்டிருக்க, இங்கே தக்கை அசையாமல் கிடக்கும். கடி வரும்போதும் தக்கை முழுதாக அமிழ்வது அரிது. கொஞ்சம் சாயும், அல்லது அலையோடு எழ வேண்டிய நேரத்தில் எழாது. அப்போதே கம்பை உயர்த்த வேண்டும்.

ஆகஸ்ட் இறுதியில் காட்சி மறுபடி மாறும். களையோரங்களில் சாக்ரமெண்டோ பெர்ச் மீனின் குஞ்சுகள் திரியும். சதைப்பிடிப்பான இந்த உணவுக்குப் பெரிய பிரவுன் டிரவுட் ஆழத்தை விட்டு வரும். இப்போது கட்டுவது 4, 5 சென்டிமீட்டரில் ஆலிவ், வெள்ளை, சாம்பல் நிறப் போலிகள், நரம்பையும் தடிமனாக்கிக்கொள்ளலாம். வேகமாக ஓடும் குஞ்சைத் துரத்தும் மீன் நரம்பை ஆராய்ந்து பார்ப்பதில்லை.

இந்த பெர்ச்சும் அந்த ஏரிக்குப் புதிது. கலிபோர்னியாவின் மையப் பள்ளத்தாக்கைச் சேர்ந்தது. தாய்மண்ணில் ஏறக்குறைய அழிந்துவிட்ட நிலையில், அனுமதியில்லாமல் யாரோ கொண்டுவிட்ட குரோலியில் செழிக்கிறது. எல்லா ஏரியிலும் முடிவு இப்படி அமைவதில்லை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலுள்ள பால் ஏரியில் ஷைனர் என்ற சிறுமீன் புகுந்தபோது, சிறு டிரவுட்டுகளின் பூச்சி உணவைப் பங்குபோட்டு அவற்றின் வளர்ச்சியைக் குன்றச் செய்தது. லார்கின், ஸ்மித் இருவரும் 1954இல் இதை விரிவாக எழுதினார்கள். உயிருள்ள சிறுமீனை இரையாகக் கொண்டுவருவதற்குப் பெரும்பாலான டிரவுட் ஏரிகளில் தடை இருப்பதன் நியாயம் இது. ஒரு வாளியில் மிஞ்சிய நான்கு மீன் ஓர் ஏரியையே மாற்றிவிடும். டிரவுட்டே அப்படி மாற்றியிருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். சியராவின் உச்சியில் மீனே இல்லாதிருந்த ஏரிகளில் கோவேறு கழுதை மீதும் பிறகு விமானத்திலிருந்தும் டிரவுட் குஞ்சுகளைக் கொண்டுவிட்டதால், அங்கே வாழ்ந்த மஞ்சள்கால் மலைத்தவளைகள் பல ஏரிகளில் மறைந்தன. சில ஏரிகளிலிருந்து டிரவுட்டை அகற்றியதும் தவளைகள் திரும்பி வந்ததை ரோலண்ட் நாப் போன்ற ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள்.

மீனைச் சமைக்கக் கொண்டுபோகப்போகிறோமா, திருப்பி விடப்போகிறோமா என்பதும் இரையைத் தேர்ந்தெடுக்கும்போதே முடிவாக வேண்டிய விஷயம். சுவையுள்ள இரையை டிரவுட் விழுங்கிவிடும். முள் தொண்டைக்குள் இறங்கும். பல ஆய்வுகளைத் தொகுத்து 1992இல் வெளியான கட்டுரை ஒன்றின்படி, உண்ணத்தக்க இரையில் பிடித்துத் திருப்பி விட்ட டிரவுட்டில் ஏறத்தாழ 30 சதவீதம் செத்துப்போனது. ஃபிளையிலும் செயற்கை இரையிலும் அது 5 சதவீதத்துக்கும் குறைவு. ஆகவே மாவும் புழுவும் போடுபவர் பிடித்ததை எடுத்துக்கொண்டு, அனுமதித்த எண்ணிக்கை நிறைந்ததும் நிறுத்திக்கொள்வதே முறை. விடப்போகிறவர் மடல் நசுக்கிய ஒற்றைமுள்ளில் ஃபிளை கட்டட்டும். ஆழமாக விழுங்கிய முள்ளைப் பிடுங்குவதைவிட நரம்பை அறுத்துவிட்டால் மீன் பிழைக்கும் வாய்ப்பு அதிகம்.

குண்டுக்கும் இதே கவலை வேண்டும். ஈயத்தின் அடர்த்தி நீரைப்போல 11.3 மடங்கு, மலிவு, எளிதில் நசுங்கும். ஆனால் அடியில் அறுந்து கிடக்கும் சிறு குண்டுகளை அரைப்பைக்கான கல் என்று நீர்ப்பறவைகள் விழுங்கி, ஈய நஞ்சில் மெல்லச் சாகின்றன. அன்னங்கள் இப்படிச் செத்ததால் பிரிட்டன் 1987இல் பெரும்பாலான ஈயத் தூண்டில் எடைகளின் விற்பனையைத் தடைசெய்தது. தகரம் நஞ்சில்லாதது, ஆனால் இலேசு. டங்ஸ்டன் 19.3, ஈயத்தைவிடச் சிறிய குண்டில் அதே எடை கிடைக்கும், அடியைத் தொட்டதும் கையில் தெளிவாகத் தெரியும். விலை அதிகம். ஆனால் வழுக்கும் குண்டு அறுந்து போவது அடிக்கடி நடப்பதல்ல. ஒரு பருவத்துக்குச் சில குண்டுகள் போதும்.

நூலில் கட்டி இறக்கிய அந்த வெப்பமானி, ஓடைமுகத்திலும் மேலிருந்து கீழ்வரை 20 டிகிரிக்கு மேல் காட்டினால் டிரவுட் கம்பை மடக்கிவிட வேண்டும். அந்தச் சூட்டில் போராடிக் களைத்த மீன், எவ்வளவு கவனமாக விட்டாலும், சில மணி நேரத்தில் சாகக்கூடும். அதே வெதுவெதுப்பான நீர் சாக்ரமெண்டோ பெர்ச்சுக்குச் சௌகரியமானது. களையோரத்தில் தலையில் எடை பொருத்திய ஜிக் என்ற சிறு முள் ஒன்றை 2, 3 மீட்டர் ஆழத்தில் மெதுவாக ஆட்டினால் அது கடிக்கும். உண்பதற்கும் நல்ல மீன்.